பிளங்கெட்டின் மதுக்கடை

லண்டன் துறைமுகத்தில் கப்பல்களிலிருந்து நிலக்கரி இறக்கும் சைலஸ், மதுவிலக்குக் கூட்டத்தில் பேசியவரை அப்படியே நம்பினான்.

"குடிக்கிற காசை மிச்சம் பிடிங்க. பிள்ளைங்க வயிறாரச் சாப்பிடும்" என்றார் அவர். இனிக் குடிப்பதில்லை என்று சைலஸ் அங்கேயே கையெழுத்துப் போட்டான்.

ஆனால் துறையில் வேலைக்கு ஆள் எடுப்பவரே மதுக்கடைக்காரர் பிளங்கெட்தான். மறுநாள் அவர் தன் கடையில் எல்லோரையும் பேர் சொல்லி வேலைக்குக் கூப்பிட்டார், சைலஸைத் தவிர.

"என்னை மறந்துட்டீங்களா முதலாளி?"

"சாமியாருக்கு எதுக்குப்பா கரிக்கூடை? போய் ஜெபம் பண்ணு."

வாரம் முழுக்க இதே கதைதான். வீட்டில் ரொட்டி தீர்ந்தது. கடைசியில் மனைவி ஹெஸ்டரே, அவன் முகத்தைப் பார்க்காமல், "போய் ஒரு குவளை குடிச்சிட்டு வாய்யா" என்றாள்.

சைலஸ் பிளங்கெட்டின் கடைக்குப் போய்க் கடனுக்குக் குடித்தான். மறுநாளே வேலை கிடைத்தது. கூலியில் பாதி, வழக்கம்போல, பிளங்கெட்டின் கடையிலேயே கரைந்தது.