முக்காலிக்கு ஒரு வாய்

வாண்டு ஊட்டிவிட்ட சாப்பாட்டில் அந்த வீட்டு முக்காலி ஒரே மாதத்தில் இரண்டு கிலோ எடை கூடியது. அதே மாதத்தில் வாண்டு கால் கிலோகூட ஏறவில்லை. முக்காலியின் எடையில் சந்தேகத்துக்கே இடமில்லை. தச்சுப் பட்டறையில் ஆணி நிறுக்கும் தராசில் அவளுடைய அப்பாவே வைத்துப் பார்த்தார். மரம் என்றால் ஈரத்துக்கு உப்பத்தான் செய்யும் என்று முதலில் மனைவியைச் சமாதானப்படுத்தினார். எவர்சில்வர் வாளிக்கும் தொப்பை விழுந்த பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். செருப்பு அலமாரி கொழுத்துப்போய்க் கதவைச் சாத்த முடியவில்லை. இரண்டு வயது வாண்டு, கிண்ணத்தில் எதைப் போட்டுக் கொடுத்தாலும் தன் வாய்க்குக் கொண்டுபோக மாட்டாள்; கண்ணில் படும் சாமானுக்கெல்லாம் ஊட்டிவிடுவாள். சாமான்களும் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டன. அவற்றில் முக்காலிதான் செல்லம். அவள் பிறந்த வாரம் மிச்சப் பலகையில் அப்பா செய்தது அது. ஆக இருவருக்கும் ஒரே வயது; வாண்டு அதைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள்.

அம்மா பேருந்தில் நடத்துநர். படிக்கட்டில் தொங்குகிறவர்களை உள்ளே அனுப்பிப் பழகிய குரலிலேயே மகளுக்கும் ஊட்டுவாள். "உள்ள எடம் இருக்கு, போ, போ, படியில நிக்காத" என்று கரண்டியிடம் சொல்வாள். ஒரு பேருந்துக்கு இரண்டு பேருந்துக் கூட்டத்தை ஏற்றுகிறவளால் இந்தச் சின்ன வாய்க்குள் ஒரு கரண்டியை ஏற்ற முடியவில்லையே என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சுகாதார நிலையத்தில் மாதாமாதம் எடை பார்க்கும் செவிலியிடம், "சாப்பிடவே மாட்டேங்கறா, நானுந்தான் என்ன பண்றது" என்று அவள் புலம்ப, அடுத்த மாதமும் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்று செவிலி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மாவுக்கு நிம்மதியே இல்லை. நிறுத்தங்களில் விசில் ஊத மறந்தாள். முக்காலியைத் தூக்கி மொட்டை மாடியில் போட்டுப் பார்த்தாள். சாப்பாட்டு நேரத்துக்கு அது தானாகவே படியிறங்கி வந்து வாண்டுவின் பக்கத்தில் நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வாண்டு மசித்த உருளைக்கிழங்கை ஒரு கரண்டி எடுத்து வழக்கம்போல முக்காலியிடம் நீட்டினாள். முக்காலி ஓரடி பின்னால் போனது. அவள் நெருங்கினாள். அது இன்னும் தள்ளிப் போனது. இரண்டு வயதானால் எல்லாப் பிள்ளைகளும் செய்வதை அதுவும் செய்ய ஆரம்பித்திருந்தது, அவ்வளவுதான். வாண்டுவுக்கோ இது புத்தம்புது அதிசயம். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு துரத்தினாள். முக்காலி மூன்று காலும் தடதடக்கக் கூடத்தைச் சுற்றியது, கட்டிலுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வந்தது, திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்தது. "ஒரே ஒரு வாய். உள்ள எடம் இருக்கு, போ, போ" என்று அவள் மூச்சிரைக்கக் கெஞ்சினாள். குரல், இழுவை, இடுப்பில் வைத்த கை எல்லாமே அம்மாவுடையவை. சமையலறை வாசலில் நின்று பார்த்த அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கடைசியில் வாண்டுவுக்குக் கோபம் வந்துவிட்டது. திரைச்சீலைக்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். எப்படிச் சாப்பிட வேண்டும் என்று அதற்குக் காட்டிக்கொடுக்கக் கரண்டியைத் தன் வாயில் வைத்தாள். மென்றாள், விழுங்கினாள். நன்றாக இருக்கிறது பார் என்று முக்காலியிடம் சொன்னாள். முக்காலி வெளியே வரவில்லை. இன்னொரு வாய் காட்டினாள். அப்போதும் இல்லை. அம்மா ஓடிப்போய் மகளைத் தூக்கப் பார்த்தாள். அப்பா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அசையாத," என்று கிசுகிசுத்தார். "முக்காலி சாப்பிட்டுத் தொலைக்கப் போகுது."

முக்காலி சாப்பிடவில்லை. கிண்ணம் காலியானது. வாண்டு அதை நீட்டி, தம்பிக்கு இன்னும் வேண்டும் என்றாள். சமையலறைக்குள் ஓடிய அம்மாவும் அப்பாவும் சத்தம் வராமல் குதித்தார்கள். அன்றிலிருந்து வேளாவேளைக்குத் துரத்தல்தான். வாளியின் தொப்பை கரைந்தது, செருப்பு அலமாரியின் கதவைச் சாத்த முடிந்தது. வீட்டில் எல்லாரும் ஒரு வேளையையும் தவறவிட மனமில்லாமல் ஓட்டமாக வீடு வந்து சேர்ந்தார்கள்.

எடை பார்க்கும் நாளில் தம்பி இல்லாமல் கிளம்ப மாட்டேன் என்று வாண்டு அடம்பிடித்ததால் அப்பா முக்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டார். செவிலி வாண்டுவைத் தராசில் ஏற்றினார். அரைக் கிலோவுக்கு மேல் ஏறியிருந்தது. குழாயும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றார். அம்மா சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் பையிலிருந்த விசிலை எடுத்து ஊதிவிட்டாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் தங்களை அறியாமல் உள்ளே தள்ளி நின்றார்கள்.

செவிலி நிமிர்ந்து பார்க்காமலே அடுத்ததாக முக்காலியை ஏற்றச் சொன்னார். முள்ளைப் பார்த்து முகம் சுளித்தார்.

"தம்பி எடை கம்மியா இருக்கானே. சரியா சாப்பிடறதில்லையா?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் வாண்டு முந்திக்கொண்டாள்.

"மாட்டேங்கறான்," என்று பெருமூச்சு விட்டாள். "நானுந்தான் என்ன பண்றது."

கட்டாயப்படுத்தக் கூடாது, இந்த வயதில் எல்லாரும் அப்படித்தான் என்று செவிலி அவளுக்குத் தைரியம் சொல்லி, அடுத்த மாதம் இருவரையும் அழைத்து வரச் சொன்னார்.