குழாயடியில் மாயம்மாள் குடம்

சுள்ளிக்கல்லில் இப்போது வீட்டுக்கு வீடு குழாய். ஆனாலும் அந்தப் பழைய தெருக்குழாயை நினைத்தால் ஒச்சப்பனுக்கு நெஞ்சு இளகிவிடும். என்ன சண்டை, என்ன சத்தம்! வரிசையில் குடத்தை வைத்துவிட்டால் குடம்தான் ஆள். அதை நகர்த்தினவள் அன்றைக்குத் தொலைந்தாள். அந்த நியாயத்தைக் கட்டிக் காத்தவள் அவர் பெண்டாட்டி மாயம்மாள்.

அப்பேர்ப்பட்டவள் எழுபத்தெட்டாம் வருஷம், மழை தொடங்கின சமயம், சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். ஒச்சப்பன் படகில் அக்கரை எறணாகுளத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் மனச்சோர்வு என்றார், மாத்திரை கொடுத்தார், மெல்லத்தான் கேட்கும் என்றார்.

மெல்லவா! ஒன்று நேரானால் இன்னொன்று கோணிக்கொண்டது. தூக்கம் வந்தால் உச்சிப்பொழுது வரை தூங்கினாள், பசி போயிற்று. சாப்பிடாததால் எழுந்து நிற்கத் தெம்பில்லை. புருஷன் கஞ்சி வைப்பதைப் படுத்தபடியே பார்த்து, "நான் எதுக்கு இருக்கேன்" என்று அழுதாள். அழுத ராத்திரியில் தூக்கம் ஏது? சிக்கு விழுந்த நூல் மாதிரி, ஒரு முனையை இழுத்தால் இன்னொன்று இறுகியது. இவள் இப்படியே போய்விடுவாளோ என்று அவருக்குப் பயம்.

கொஞ்சம் தெம்பு வந்த ஒரு நாள் அவளே குடத்தை எடுத்தாள். ஒச்சப்பன் முந்திக்கொண்டு ஓடி, "அவளுக்குச் சுகமில்லை, மொதல்ல விட்டுடுங்க" என்று பெண்களிடம் கெஞ்சினார். அவர்களும் விட்டார்கள், குடத்தையும் தூக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவள் சோற்றைத் தள்ளிவிட்டாள்.

"என்னைப் பிச்சைக்காரி ஆக்கிட்டீங்களே. இனி மாத்திரையும் வேண்டாம்."

நல்லது செய்யப்போய்க் கெடுத்துவிட்டோமே! மன்றாடித்தான் அன்றைக்கு மாத்திரையை விழுங்கவைத்தார். மறுநாள் அவரே அவள் குடத்தை வரிசையின் கடைசியில் கொண்டுபோய் வைத்தார். அவளும் பின்னாலேயே வந்து நின்றாள்.

பள்ளுருத்தியில் அம்மா வீட்டிலிருந்து அன்றுதான் திரும்பியிருந்த அதே தெரு மீனாக்ஷிக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. காலால் அந்தக் குடத்தை ஒதுக்கிவிட்டுத் தன் குடத்தை வைத்தாள்.

"எடுடி குடத்தை!"

தெருவே திரும்பிப் பார்த்தது. மாயம்மாளின் குரல்! ஆஹா, என்ன பேச்சு பேசினாள்! மூச்சிரைக்க வீட்டுக்கு வந்து, "கப்பைக் கிழங்கு இருக்கா?" என்றாள். தின்றாள். ராத்திரி தூங்கினாள்.

ஒச்சப்பன் மீனாக்ஷி வீட்டுக்கு ஓடினார். "நீ நல்லா இருக்கணும் தாயி!"

"அவ என் குடத்தை நசுக்கியிருக்கா, நீங்க கும்பிடுறீங்களா அண்ணே?"

கதையைக் கேட்டதும் அவள் நசுங்கின குடத்தைத் தட்டி நிமிர்த்த உட்கார்ந்தாள்.

ஒரே சண்டையில் ஓடிவிடுமா நோய்? மறுநாள் மாயம்மாள் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வாசலில் மீனாக்ஷியின் குரல் கேட்டது.

"ஏட்டி, உன் எடத்துல என் குடம் நிக்குது. தைரியமிருந்தா வந்து எடு!"

சில நாள் எழுந்து போனாள், சில நாள் போகவில்லை. மாத்திரையும் சண்டையுமாக, அந்த வருஷம் முடிவதற்குள் தேறிவிட்டாள்.

இன்றும் ஏதாவது ஒரு மழைநாளில் அவள் முகம் சுவர்ப்பக்கம் திரும்பிவிடும். அன்றைக்கு மீனாக்ஷி குடத்தோடு வாசலில் வந்து நிற்பாள்.

"ஏட்டி, எந்திரி. உன் குழாயில இன்னைக்கு நான்தான் மொதல்ல!"

மீனாக்ஷி வீட்டிலும் குழாய் இருக்கிறது.