வெறும் மூடி

“அந்த மூடியைக் கழட்டுங்க, அத்தான்.”

கேட்டுவிட்டேன். பட்டறையில் நான் சேர்ந்த அன்றே அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள்: “அவர்கிட்ட என்ன வேணாலும் கேளு. ஆனா வண்டி வாங்குறவங்க நிக்கும்போது மூடியைக் கழட்டச் சொல்லி மட்டும் கேட்டுடாத. மூடி போட்டாச்சுன்னா போட்டாச்சு.”

வண்டி வாங்க வந்த அம்மா என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய கணவர் வண்டிக்குள் இருந்த கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். முதுகெலும்பில் அறுவைசிகிச்சை ஆனவர். சற்று நேரம் உட்கார்ந்தாலே வலி பிடித்துக்கொள்ளும். இனி எங்கே போவதானாலும் மனைவி ஓட்ட வேண்டும், இவர் படுத்தபடி வர வேண்டும். அதற்காகத்தான் கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற இந்த கேரவன் வண்டியைப் பார்க்க வந்திருந்தார்கள். கட்டிலுக்கு மேலே, சரியாக அவர் முகத்துக்கு நேராக, நீளமான அலமாரி ஒன்று சுவரில் தொங்கியது. அதன் முதுகுப் பலகையில் வரிசையாக வெள்ளை பிளாஸ்டிக் மூடிகள். ஒவ்வொரு மூடிக்கும் அடியில் ஒரு ஸ்க்ரூ இருக்க வேண்டும்.

அத்தான் சிரித்தார். “மச்சினிக்கு மரை கழண்டுடுச்சு மேடம். படிச்ச புள்ளைங்களுக்கு அப்பப்ப இப்படி ஆகும்.”

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. யாரென்று பார்க்காமலே அணைத்தார்.

எங்கள் தொழில் பழைய கேரவன்களை வாங்கி, உள்ளே இருப்பதைப் புதுப்பித்து விற்பது. வீடு பட்டறைக்குப் பின்னாலேயே. அத்தான் மரவேலை, அக்கா திரையும் மெத்தை உறையும் தைப்பாள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான், மெக்கானிக்கல் படித்தேன். வண்டி வெளியே போகுமுன் கடைசியாகப் பார்த்துச் சரி சொல்வது என் வேலை.

அசிங்கம் எனக்குப் புதிதில்லை. அடுப்புப் பலகையைக் கழற்றினால் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கு தேனடை மாதிரி தொங்கும். குளியல் தொட்டியின் துவாரத்தில் யாருடைய தலைமுடியோ எலிவால் கனத்துக்கு வரும். மெத்தைக்கு அடியில் வெட்டிப்போட்ட கால் நகங்கள், எலிப் புழுக்கை, காய்ந்த பல் குச்சி. கையுறை போட்டு அள்ளிக் கொட்டிவிட்டுச் சாப்பிட உட்காருவேன். அது வெளி அழுக்கு. கழுவினால் போய்விடும்.

எனக்கு அருவருப்பு ஸ்க்ரூவில்தான். ஒரே அலமாரியில் ஐந்து சாதி ஸ்க்ரூ இருக்கும். ஒன்று பிளஸ் மண்டை, ஒன்று சதுரக் குழி, ஒன்று நட்சத்திரம், ஒன்று மண்டையே தேய்ந்து மொழுக்கட்டையானது. நடுநடுவே கூரைப் பலகைக்குப் போடுகிற கறுப்பு ஸ்க்ரூ. அது வீட்டுக் கூரையில் சும்மா இருக்கும்வரை சமர்த்து. ஓடுகிற வண்டியில் நாள் முழுக்க அதிர்ந்தால் கழுத்து ஒடிந்துவிடும். சாதா இரும்பு ஸ்க்ரூவோ, சமையல் ஆவி பட்டுப் பட்டுத் துருவேறித் தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் அழுக வைத்துவிடும். துருப்பிடிக்காத எஸ்.எஸ். ஸ்க்ரூதான் போட வேண்டும் என்று அத்தானிடம் சண்டை போட்டேன். “சரி மச்சினி, நீ சொன்னா சரி” என்றார். நம்பவில்லை. ஒரு காந்தம் வாங்கினேன். மூடிகளின் மேல் ஓட்டிப் பார்ப்பேன். காந்தம் இழுத்தால் உள்ளே இருப்பது இரும்பு, மாற்று. இழுக்காவிட்டால் எஸ்.எஸ்., வண்டி போகலாம்.

முதல் சில வண்டிகளில் இழுத்தது. மாற்றச் சொன்னேன். அப்புறம் ஒரு மூடியும் இழுக்கவில்லை. ஆள் திருந்திவிட்டார் என்று நினைத்தேன். “பட்டதாரிப் பொண்ணு காந்தம் வச்சுப் பாத்து அனுப்புற வண்டி” என்று வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இன்று காலை இந்த வண்டியைத் துடைக்க ஏறினேன். ஒரு மூடி கொஞ்சம் சாய்ந்திருந்தது. நகத்தால் நெம்பினேன். வந்துவிட்டது. பின்னால் ஸ்க்ரூ இல்லை. ஓட்டை நிறைய ரோஸ் நிறத்தில் ஏதோ ஒன்று. தொட்டேன். மெத்தென்று இருந்தது. மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த மிச்சத்தில் பல் பதிந்திருந்தது.

மென்று துப்பிய சூயிங்கம்.

அடுத்த மூடி, அதற்கடுத்தது. இரண்டு ஓரங்களிலும்தான் எஸ்.எஸ். ஸ்க்ரூ இருந்தது. நடுவில் முழுக்க எச்சில். ஸ்க்ரூ இல்லாத இடத்தில் காந்தம் எதை இழுக்கும்? அவரைப் பிடிக்க நான் கொண்டுவந்த காந்தத்தை வைத்தே அவர் என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார். சிகரெட்டை விட்டதிலிருந்து அவர் வாயில் எந்நேரமும் சூயிங்கம் அரைபடும். வெள்ளை, புதினா. இது ரோஸாக இருக்கிறதே என்று ஒரு கணம் தோன்றியது. வேறு ருசிக்கு மாறியிருப்பார் என்று விட்டுவிட்டேன். மூடிகளை அப்படியே பொருத்திவிட்டு இறங்கினேன். குழாயடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். பிறகு வீட்டுக்குள் போய், செய்ய வேண்டிய இரண்டு காரியங்களைச் செய்தேன். அதன்பிறகு இவர்கள் வருவதற்காகக் காத்திருந்தேன்.

இப்போது டிரைவரம்மா என்னையும் அத்தானையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏன் தம்பி, கழட்டித்தான் காட்டுங்களேன். மூடிதானே?”

“கீறல் விழுந்துடும் மேடம். பளபளன்னு இருக்கிறதை எதுக்கு…” அத்தான் குரலை உயர்த்தினார். “ஏய், உன் தங்கச்சியைக் கொஞ்சம் கூப்பிடு!”

அக்கா கையில் அளவெடுக்கும் டேப்போடு ஏறி வந்தாள். என் முழங்கையைப் பிடித்து வண்டியின் கக்கூஸுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். அதற்குள் இரண்டு பேர் நிற்க முடியாது. அவள் மூடிய கோப்பையின் மேல் உட்கார்ந்தாள். நான் கை கழுவும் தொட்டியில் இடுப்பு இடிக்க நின்றேன்.

“அறிவிருக்காடி உனக்கு?”

“அக்கா, ஓட்டையில ஸ்க்ரூ இல்ல. சூயிங்கம் இருக்கு.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“கத்தாத. பலகை நைஞ்சு போச்சு, எந்த ஸ்க்ரூவும் பிடிக்கல. பின்னால புதுசா கட்டை வைக்கணும்னா அலமாரியையே இறக்கணும். ஒவ்வொரு வண்டிக்கும் அப்படிப் பாத்தா தொழில் நடக்குமா? ரெண்டு ஓரமும் நல்லாத்தான் பிடிச்சிருக்கு, பசையும் போட்டிருக்கார். மூடிதான் நிக்க மாட்டேங்குது. அதுக்குத்தான் அது.”

அவள் பேசப் பேச என் முகத்தில் ஸ்ட்ராபெரி வாசனை அடித்தது.

“நீயா மென்னே?”

அக்கா சுவரைப் பார்த்தாள். “அவர் மெல்றது ஒட்டல. புதினா காய்ஞ்சா உதிர்ந்துடுது. ஸ்ட்ராபெரிதான் நிக்குது.”

இந்த ஆராய்ச்சி எந்தக் கல்லூரிப் பாடத்திலும் இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து, எது நிற்கும் எது உதிரும் என்று மென்று துப்பிச் சோதித்திருக்கிறார்கள். எவ்வளவு ஒற்றுமையான குடும்பம்!

“அந்த மனுஷன் மூஞ்சியில விழுந்தா?”

“ஏன் விழும்னே நினைக்கிற? நல்லதே நினையேன்.” பிறகு, எப்போதும் கடைசியில் எடுக்கிற ஆயுதத்தை எடுத்தாள். “நீ படிக்கணும்னு நான் பள்ளிக்கூடத்தை விட்டுட்டு மெஷின்ல உக்காந்தேன். ஞாபகம் இருக்கட்டும்.”

“இருக்கு. நீ தைச்சதுல ஒரு தையல் பிரிஞ்சதில்ல. அதான் கேக்குறேன், இதை எப்படி வாயில போட்டே?”

நான் கதவைத் திறந்தேன்.

வெளியே அத்தான் இளித்துக்கொண்டிருந்தார். டிரைவரம்மா சிரிக்கவில்லை. “நீ சொல்லும்மா. நீ பாத்துத்தான் அனுப்புவியாம். பாத்தியா?”

“சார், முதல்ல அங்கேருந்து எந்திரிங்க.”

“படுக்கவே பத்துப் பேர் பிடிக்கணும்மா எனக்கு,” என்றார் கட்டிலில் இருந்தவர். “முன்னாடியே சொல்லக் கூடாதா?”

மனைவி அவரை ஒருக்களித்து எழுப்பி, சுவரோரம் சாய்த்து நிறுத்தினார். நான் கட்டிலில் முழங்காலிட்டு நகத்தால் மூடிகளை நெம்பினேன். டப், டப் என்று விழுந்தன. ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் ரோஸ் உருண்டையைத் தோண்டி எடுத்தேன். அத்தானின் கையை இழுத்து, உள்ளங்கையை விரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். அவர் விரல்கள் மடங்கவும் இல்லை, விரியவும் இல்லை.

கணவர் எட்டிப் பார்த்தார். “டிரைவரம்மா, என் முதுகுல போட்ட ஸ்க்ரூவாச்சும் நெசமா இருக்கான்னு ஒரு தடவை கேட்டுடு.”

அத்தான் மறுகையால் பையைத் துழாவி ஒரு நீளமான ஸ்க்ரூவை எடுத்தார். “இப்பவே இதுல நாலு ஏத்திடுறேன் மேடம். அசையாது.”

“ஏத்தினா வெளித்தகடு ஓட்டையாகும்,” என்றேன். “மழை நேரா அவர் தலையணையில ஒழுகும். கட்டை வைக்காம எதை ஏத்தினாலும் இதே கதைதான்.”

டிரைவரம்மா ஓர் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு அத்தானிடம் சொன்னார்: “அலமாரியை இறக்குங்க. கட்டை வச்சுச் சரியாப் போடுங்க. இந்தப் பொண்ணு கூடவே நின்னு பாக்கட்டும். இவ சரின்னு சொன்னா எடுத்துக்குறேன். இல்லேன்னா எனக்கு வேணாம்.”

அத்தானின் முகத்தில் வெளிச்சம் வந்ததே, அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. கையில் எச்சில் உருண்டைகளோடு மார்பை நிமிர்த்தினார்.

“பாத்தீங்களா மேடம்! இதுக்குத்தான் நம்ம வீட்டுப் பொண்ணை இங்க வச்சிருக்கேன். சொந்த அத்தான்னும் பாக்க மாட்டா. நம்ம பட்டறையில ஒளிவு மறைவே கிடையாது!”

அக்கா பின்னாலிருந்து ஆமாம் என்று தலையாட்டினாள். என் கோபத்தையும் மென்று, பதமாக்கி, ஒரு ஓட்டையில் வைத்து அடைத்துவிட்டார்கள். இனி இவர்கள் விற்கிற ஒவ்வொரு வண்டியிலும் நான்தான் மூடி.

போன் மறுபடி அடித்தது.

“எடுங்க, அத்தான்,” என்றேன். “நம்ம வண்டியை வாங்கிட்டுப் போனவங்கதான். காந்தம் ஒட்டலன்னு நான் அனுப்பின அத்தனை பேருக்கும் காலையிலேயே போன் போட்டேன். மூடியை நெம்பிப் பாருங்க, பாக்குற வரைக்கும் தலைமாட்டை மாத்திப் படுங்கன்னு சொல்லிட்டேன்.”

அவர் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது.

“அம்மா,” என்று டிரைவரம்மாவிடம் திரும்பினேன். “நான் சரின்னு சொல்ல மாட்டேன். சொல்றதுக்கு இங்க இருக்கவும் மாட்டேன். எங்க வாங்கினாலும் நகத்தால நெம்பிப் பாத்து வாங்குங்க. காந்தத்தை நம்பாதீங்க.”

காந்தத்தைக் கட்டிலில் போட்டுவிட்டு இறங்கினேன். காலையிலேயே கட்டிய பை, கேட்டோரம் காற்றடிக்கும் மெஷினுக்குப் பின்னால் இருந்தது. அதை எடுத்துத் தோளில் மாட்டியபோது அக்கா செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தாள்.

“எங்கடி போற? யார் இருக்கா உனக்கு?”

அவள் கத்திய வாய்க்குள் ரோஸ் தெரிந்தது.

“முதல்ல அதைத் துப்பு,” என்று சொல்லிவிட்டு, கேட்டைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே நடந்தேன்.