மிதிக்கு வந்த மேற்கோள்கள்

வீரபாகு இங்கிலீஷில் நாற்பத்தொன்று வாங்கிப் பாஸ் செய்தவன். கணக்கில் ஐம்பதைத் தொட்டவன். பிறந்ததிலிருந்து பேசிவந்த தமிழில் மட்டும் இரண்டு முறை ஃபெயில். இந்தச் செய்தி ஆரணி முழுக்கப் பரவ ஒரு பொழுதுகூட ஆகவில்லை. டீக்கடையில் அவன் தலையைக் கண்டதும், "புலவருக்கு எடம் விடுங்கப்பா" என்று பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவ்வளவு மரியாதையைத் தாங்க முடியாமல் அவன் டீயை வீட்டிலேயே குடிக்க ஆரம்பித்தான்.

இருபத்தாறு வயதில் முதியோர் வகுப்பில் உட்கார்ந்து 'அ' எழுதியவனுக்கு எஸ்.எஸ்.எல்.சி. எதற்கு? பட்டுச் சங்கத்தின் விற்பனைக் கடையில் உதவியாளர் வேலை ஒன்று காலி. நாற்காலியில் உட்கார்ந்து சேலையைப் பிரித்துக் காட்டி மடித்துவைக்க வேண்டும். பதினைந்து வருடம் தறிக்குழியில் கால் விட்டு முட்டி தேய்ந்தவனுக்கு நாற்காலி என்ற சொல்லே சொர்க்கம். ஆனால் சேலையை மடிக்க எஸ்.எஸ்.எல்.சி. வேண்டுமாம். நெய்வதற்கு ஒன்றும் வேண்டாமாம். வயதும் முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். வருகிற ஆவணியோடு அவனுக்கு முப்பத்தைந்து முடிகிறது. எண்பத்தொன்று மார்ச் பரீட்சையை விட்டால், கட்டையில் போகிறவரைக்கும் குழிதான்.

அவனைக் கவிழ்த்தது தமிழ்ப் பாடத்தில் இருந்த ஒரு பழைய நாடகம். அதிலிருந்து ஒரு வரியைக் கொடுத்து, யார் யாரிடம் எப்போது சொன்னது, என்ன பொருள் என்று கேட்பார்கள். 'இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.' அதற்கு மட்டும் இருபத்தைந்து மார்க்.

டுட்டோரியல் வாத்தியார் மாணிக்கவேலுக்கு இருபத்துமூன்று வயது. வீரபாகுவைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்.

"பத்து மேற்கோள் குடுக்கறேன் தம்பி. இதைத் தாண்டி ஒண்ணு வந்துச்சுன்னா என் மீசையை எடுத்துடறேன்."

மீசை அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. பெரிய பந்தயம் இல்லை.

பத்தையும் படிக்க நேரம்? வீரபாகு ஒரு வேலை செய்தான். தறியில் பூவேலைக்குத் தொங்குகிற ஓட்டை அட்டைகளில் கழித்துப்போட்டவை சில கிடந்தன. அட்டைக்கு ஒரு மேற்கோள், அதன் கீழே வாத்தியாரின் விளக்கம் என்று எழுதினான். டிசைன் அட்டைகளைக் கோக்கிற மாதிரியே வரிசையாக நூலில் கோத்து, கண்ணுக்கு நேராகத் தொங்கவிட்டான். காலால் ஒரு மிதி, வாயால் ஒரு சொல். மாதம் திரும்புவதற்குள் கால் மிதித்தால் வாய் தானாக ஓடியது. சொந்தப் புத்திக்கு வேலையே இல்லை. வாத்தியாரும் அதைத்தான் விரும்பினார்.

பக்கத்தில் அவன் மனைவி ஜெயம் ராட்டையில் நூலைக் குச்சியில் ஏற்றி, தறிக்குத் தார் சுற்றிக்கொண்டிருப்பாள். தறிச் சத்தத்தில் பேசினால் யாருக்கும் கேட்காது. இழை அறுந்து, அவன் தறியை நிறுத்தி முடிச்சுப் போடுகிற நேரத்துக்காகக் காத்திருப்பாள்.

"யோவ், அந்த தளபதி இன்னா சொன்னான்? இன்னொரு வாட்டி சொல்லு."

"'என் நிழலை இங்கே விட்டுச் செல்கிறேன், அது உம்மைக் காக்கும்.' மன்னன்கிட்ட சொல்றான்."

"சண்டைக்கு பயந்துகினு ஓடறவன் பேச்சு அது. நெழலு எங்கனா காவல் காக்குமா? அந்த ராஜாவும் தலைய ஆட்டிகினு உக்காந்துகினு இருந்தானா?"

"தளபதியின் ராஜபக்தி புலப்படுகிறதுன்னு வாத்தியார் எழுதிக்கீறாரு."

"புலப்படும், புலப்படும். பொழுது சாஞ்சா நெழலும் போயிடும், பக்தியும் போயிடும். நீ முடிச்சைப் போடு."

இன்னொரு அறுந்த இழைக்கு அரசி மாட்டினாள். "'வாளை உறையில் இடலாம், வார்த்தையை எதில் இடுவீர்?'ன்னு கேக்கறாளா? கேட்டுட்டு அழுவறாளா? அழுதா பதில் சொல்லுவானா அந்தாளு? சோத்தை நிறுத்தியிருந்தா ஜல்தியா சொல்லியிருப்பான்."

"பேஜார் பண்ணாதே ஜெயம். இதெல்லாம் பரீட்சைக்கு ஆவாது."

பரீட்சையன்று கேள்வித்தாளைப் பார்த்தான். கேட்டிருந்த ஐந்தும் அந்தப் பத்திலிருந்தே வந்திருந்தன. மாணிக்கவேலின் மீசை தப்பியது. ஆனால் முதல் கேள்வியே ஏழாவது அட்டை. கோத்த அட்டை ஏழாவதில் தொடங்காதே! முதல் அட்டையிலிருந்து ஓட்டிக்கொண்டுதான் வரவேண்டும். வீரபாகு பெஞ்சுக்கு அடியில் மிதிக்க ஆரம்பித்தான். மூன்றாவது அட்டை வருவதற்குள் முன்னால் இருந்த பெண் எழுந்துவிட்டாள்.

"சார், இவர் பெஞ்சை ஆட்டறார். எழுதவே முடியல."

சூபர்வைசர் வந்தார். "இன்னாய்யா, தறி ஓட்டறியா?"

"ஆமாங்க சார்."

"கிண்டலா? காலை மேல தூக்கிச் சம்மணம் போட்டு உக்காரு. எறங்குச்சு, பேப்பரைப் புடுங்கிடுவேன்."

கால் நின்றது. கூடவே வாத்தியாரின் விளக்கமும் நின்றது. ஒரு சொல்கூட நகரவில்லை. ராஜபக்தியைக் கூப்பிட்டுப் பார்த்தான், வரவில்லை. நாற்காலி தூரமாகப் போய்க்கொண்டிருந்தது. அரை மணி நேரம் மூடாத பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தறி நின்றால் அவன் காதில் விழுவது ஒரே குரல்தான். அது இப்போதும் விழுந்தது. பயந்துகினு ஓடறவன் பேச்சு அது.

வேறு வழியில்லை. அதைச் சட்டை போட்டு, பொத்தான் மாட்டி, எழுத்துத் தமிழாக்கினான். 'தளபதி அஞ்சி ஓடுகிறான். அஞ்சியவனின் நிழல் எவரையும் காவாது. பொழுது சாய்ந்தால் நிழலும் அகலும். இதை உணராது தலையசைத்த மன்னனின் அறியாமையும் இங்குப் புலனாகிறது.' அரசிக்கு, 'அழுகையினும் உணவை நிறுத்துதலே தக்க வழியாம்' என்று எழுதினான். ஐந்தையும் அப்படியே முடித்துக் கொடுத்துவிட்டு, மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு வெளியே வந்தான். வீட்டில் கேட்டபோது, "எழுதினேன்" என்றதோடு சரி.

மே மாதக் கடைசியில் பேப்பரில் அவன் நம்பர் வந்தது. மார்க் பட்டியலில் தமிழுக்கு ஐம்பத்தெட்டு. ஆடியில் சங்கத்திலிருந்து வேலைக்கான ஆர்டரும் வந்தது; வயது முடிய மூன்று வாரம் பாக்கி.

மறுநாளே மாணிக்கவேல் சைக்கிளில் வந்து இறங்கினார். டுட்டோரியல் போர்டில் 'எங்கள் சாதனை மாணவர்' என்று வீரபாகுவின் பெயரை எழுதிவிட்டுத்தான் வந்திருந்தார்.

"தம்பி, என் விளக்கத்தை எழுதின மத்த யாரும் நாப்பதைத் தாண்டல. நீ எப்படி எழுதினன்னு சொல்லு. அடுத்த பேட்ச்சுக்கு நோட்ஸா குடுத்துடலாம்."

வீரபாகு முதன்முறையாக உள்ளதைச் சொன்னான். "நானு எழுதல சார். வூட்ல சொன்னதுதான்."

ராட்டையை நிறுத்தாமலே ஜெயம் கேட்டாள். "அதையா எழுதிவெச்சே? நானு திட்டனதையா?"

"அதுக்குத்தான் மார்க்கு."

வாத்தியார் அவசரமாக நோட்டையும் பேனாவையும் எடுத்தார். "சொல்லுங்கம்மா, சொல்லுங்க."

ஜெயம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். ராட்டையை அவர் பக்கமாகத் தள்ளினாள்.

"நோட்டை அப்பால வெய்யி, தம்பி. இந்தாளு நாளையிலேர்ந்து நாக்காலிக்குப் போறாரு, நானுதான் தறில எறங்கணும். நீ தாரு சுத்திக் குடு. எழை அறுந்தா சொல்றேன்."