மணியைப் பழக்கிய விவரம்

1977 தை மாதம், பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் போய்க்கொண்டிருந்த பஸ்ஸை டிரைவர் கொளஞ்சி பேரளி தாண்டித் திருப்பி, பயணிகளோடு கொண்டுவந்து தன் வீட்டு வாசலில் நிறுத்தினான். அந்த நேரத்தில் அவன் மனைவி மலர்க்கொடி, வீட்டுக்குப் புதிதாக வந்த நாய்க்குட்டியை "மணி, வா" என்று கூப்பிட்டிருந்தாள். குட்டி வரவில்லை. அடுப்புச் சாம்பலில் படுத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. வந்தவன் கொளஞ்சிதான். எதற்கு வந்தான் என்று கேட்டதற்கு, கையும் காலும் தாமாகவே வண்டியைத் திருப்பிவிட்டன என்றான். ரயிலுக்குப் போக வேண்டிய சிலர் ரயிலைத் தவறவிட்டார்கள். மற்றவர்கள் மலர்க்கொடியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார்கள்.

அந்த வாரத்திலேயே அது திரும்பத் திரும்ப நடந்தது. வீட்டில் அவள் குட்டியிடம் "ஒக்காரு" என்றால், டீ குடிக்க இறங்கிய கொளஞ்சி நடுரோட்டில் உட்கார்ந்தான். "போ" என்றால், கை காட்டியவர்களை விட்டுவிட்டுப் போனான். கண்டக்டர் தர்மன் விசிலை ஊதி ஊதி வாய் புண்ணானான். பஸ் முதலாளி தங்கசாமி நேரில் வந்து, "ஒண்ணு நாயைப் பழக்கு, இல்ல சாவிய வச்சிட்டுப் போ. டீசல் என்ன ஆத்துலயா ஓடுது?" என்று சத்தம் போட்டார். குட்டி கேட்காததால் மலர்க்கொடியின் சொல், கேட்கிற ஆளைத் தேடிப் போகிறது; குட்டி பழகிவிட்டால் சொல் வீட்டோடு நின்றுவிடும் என்பது அவர் கணக்கு. தெருவில் எல்லோருக்கும் அது சரியாகவே பட்டது.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் காவல் இருந்த அமாவாசை, நாய் பழக்குவதில் பேர்போனவர். சொன்னதைச் செய்தால்தான் சோறு என்பது அவர் முறை. குட்டியை அவரிடம் விட்டார்கள். குட்டி ஓடை நண்டைப் பிடித்துத் தின்று கொழுத்தது. கொளஞ்சிக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு நடையிலும் சுரங்க வாசலில் வண்டியை நிறுத்தி, வேலிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். "நாயி நல்லாத்தாம்மா இருக்கு. ஒங்க வூட்டுக்காரருதான் எளைச்சிட்டே வராரு" என்று சொல்லிக் குட்டியைத் திருப்பிக் கொடுத்தார் அமாவாசை. பிறகு ஆண்டிமடத்தில் முந்திரிக் காடு காக்கும் செல்வம்மாளிடம் விட்டார்கள். அடிக்காமல், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு துண்டு கருவாடு கொடுத்துத் தடவிவிடுவது அவள் வழக்கம். அந்த மாதம் கொளஞ்சி வண்டி ஓட்டும்போதெல்லாம் வாயில் கருவாட்டு ருசி தெரிந்தது. முதுகை யாரோ தடவுவதுபோலவும் இருந்தது. பஸ் நேரத்துக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்தது. குட்டி மட்டும் ஒன்றும் படிக்காமல் வந்தது.

கடைசியில் விஷயத்தை உடைத்தவள் கத்தரிக்காய்க் கூடையோடு தினமும் ஏறும் பாப்பாயி. பஸ் மறுபடி வழியில் திரும்பிய ஒரு நாள், டிரைவர் காதுக்கருகே வந்து கேட்டாள்: "இத்தன பேரு ஒக்காந்திருக்கோம். எங்கள எல்லாம் உட்டுட்டு ஒன்னய மட்டும் அந்தச் சொல்லு எப்படித் தேடி வருது? நாய்க்குட்டி மேல வயித்தெரிச்சலா தம்பி?"

பஸ்ஸே சிரித்தது. கொளஞ்சி சிரிக்கவில்லை.

அன்று பொழுது சாய வீட்டுக்கு வந்தவன் சட்டையைக் கூடக் கழற்றாமல் கேட்டான்.

"என்னைய எப்பவாச்சும் நீ கூப்பிட்டிருக்கியா?"

"கூப்புடாம? சோறு திங்க தினம் யாரு கூப்புடுறா?"

"'ஏங்க'ங்கற. 'இந்தாங்க'ங்கற. நேத்து வந்த நாயிக்குப் பேரு வச்சு, விடிஞ்சா அடைஞ்சா அதச் சொல்லிட்டே கெடக்கற. எம்பேரு ஒனக்குத் தெரியுமாடி?"

"கட்டுன புருசன் பேரச் சொன்னா அவரு ஆயுசு கொறையும். எங்கம்மா சொல்லி உட்டுருக்கு."

"வேல போனா மட்டும் ஆயுசு நீளுமா?"

மலர்க்கொடி எழுந்து கதவைச் சாத்தினாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "கொளஞ்சி" என்றாள். திரும்பிப் பார்த்தபோது, அவன் நெற்றிக்கு மேலே ஒரு முடி வேரிலிருந்து நுனிவரை வெளுத்துக்கொண்டிருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கொளஞ்சி கண்ணாடியை எடுத்துப் பார்த்தான். முடியை விரலால் நீவிவிட்டான்.

"ஒரு முடிதான? இன்னொருவாட்டி கூப்புடு" என்றான்.

இரண்டாவது முடி வெளுத்தபோது, அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு "மணி, வா" என்றாள். குட்டி சாம்பலை உதறிவிட்டு எழுந்து வந்தது. உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தது. கொளஞ்சி நின்ற இடத்திலேயே நின்றான்.

அதற்குப் பிறகு பஸ் ஒரு நாளும் வழியில் திரும்பவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று மலர்க்கொடி எவ்வளவோ மறுத்தாலும், காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்தது. ஒரு நாள் மறந்தால் அவன் நாயை முறைத்தான். கோபத்தில் சில நாள் அவளே கூடுதலாகவும் கூப்பிட்டாள். 1983 வாக்கில், நாற்பது வயது ஆகுமுன்னே, கொளஞ்சியின் தலை பஞ்சாக வெளுத்துவிட்டது. ஆயுளில் எவ்வளவு குறைந்தது என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அவன் கேட்கவும் இல்லை. மை பூசச் சொன்னவர்களிடம் சண்டைக்குப் போனான். பஸ்ஸில் ஏறும் பெண்கள் அவன் தலையைப் பார்த்து, "வூட்டுல நல்லாக் கூப்புடுறாங்க போல" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் ஒரு முடிகூட நரைக்காத கண்டக்டர் தர்மன், அந்த ஆண்டிலிருந்து தலையில் துண்டைக் கட்டிக்கொண்டே டிக்கெட் கொடுத்தான்.