விழுந்த வாழைக்கு ஒரு விண்ணப்பம்

மட்டாஞ்சேரியில் குடியிருந்துகொண்டு கும்பளங்கியில் குத்தகைக்கு வாழை போட்டவர் தேனிக்காரர் வீரபாண்டி. ஒரு மழைக்காற்று கால்மணி நேரத்தில் அவர் தோட்டத்தையே படுக்க வைத்துவிட்டது. அன்றைக்கு அரபிக்கடல் எழுந்து நின்று எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்ததாகச் சாயாக்கடையில் சத்தியம் செய்தார்.

மறுநாளே வேளாண் அலுவலகத்தில் நிவாரணத்துக்கு எழுதிக் கொடுத்தார். குலை தள்ளிய நேந்திரன், இருநூறு. அந்தப் பணம் வந்தால்தான் நிலத்துக்காரர் ராமபத்ரனுக்குக் குத்தகை கட்ட முடியும். இல்லாவிட்டால் நிலம் இறால் வளர்க்கிற ஆளுக்குப் போய்விடும்.

"சேட்டா, நான் வந்து பாக்குற வரைக்கும் ஒண்ணையும் தொடக்கூடாது, கேட்டோ" என்றார் அதிகாரி பர்ஸானா.

வீரபாண்டி பலமாகத் தலையாட்டினார். ஆனால் விழுந்த வாழையைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்க அவர் வீட்டில் யாருக்கும் தெரியாது. கிழியாத இலை ஓட்டலுக்குப் போனது, காய் சிப்ஸ் கடைக்குப் போனது. பூவையும் தண்டையும் மனைவி சீனியம்மாள் தெருத்தெருவாக விற்றார். அந்த வாரம் மட்டாஞ்சேரியில் தண்டுப் பொரியல் தின்னாதது கடற்கரைக் கொக்கு மட்டும்தான். வெறுந்தரை கண்ணை உறுத்தியதால் கீரையும் விதைத்தாயிற்று.

இருபதாம் நாள் பர்ஸானா வந்து நின்றார். எதிரே ஒரு சாண் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று கீரை.

"வாழை எங்கே சேட்டா?"

"வித்தாச்சு மேடம். அழுகிடும்ல?"

"கீரைத் தோட்டத்தைக் காட்டி வாழைக்கு எப்படிப் பைசா எழுதறது? நான் வேலைல இருக்க வேண்டாமா?"

வீரபாண்டிக்கு இறால்காரன் வரப்பில் நடப்பதுபோலவே தெரிந்தது.

"கிழங்கு கீழதானம்மா கெடக்கு. அதை நாங்க தோண்டலையே" என்றார் சீனியம்மாள்.

"கிழங்கு இருந்தா எண்ணி எழுதலாம். பட்சே கீரை போயிடுமே, சேச்சி? இன்னும் பத்து நாள்ல விக்கலாமே."

வீரபாண்டி கீரையைப் பார்த்தார். இந்த மாதத்து அரிசி அதில்தான் இருந்தது. அவர் பார்த்து முடிப்பதற்குள் சீனியம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு மண்வெட்டியால் முதல் வெட்டைப் போட்டுவிட்டார்.

"நிக்கிறீகளே, கல்யாணத்துக்கா வந்தீக? வெட்டுங்க!"

மதியம் வரை வெட்டினார்கள். தோட்டம் பன்றி உழுததுபோல ஆனது. வெட்டுப்பட்ட கிழங்கு ஒவ்வொன்றையும் பர்ஸானா படமெடுத்து எண்ணினார்.

"நூத்தி எண்பத்தேழு. விண்ணப்பத்துல இருநூறு?"

"ஒரு இதுக்கு... முழுசா இருக்கட்டும்னு போட்டேன்."

"அரசாங்கத்துக்கிட்டயுமா சேட்டா?"

பர்ஸானா இருநூறை அடித்து, பக்கத்தில் திருத்தி எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். பணம் வர இரண்டு மாதமாகலாம் என்று சொல்லி நகலையும் கொடுத்தார்.

மண் காலோடு இருவரும் ராமபத்ரன் வீட்டுக்குப் போனார்கள். அவர் நகலைக் கண்ணாடி போட்டுப் படித்தார்.

"ஓணம் வரைக்கும் பொறுக்கறேன். அதுக்கு மேல முடியாது. சரி, ஆகெ எத்தனை வாழை போச்சுடோ?"

வீரபாண்டி வாயைத் திறந்தார். ஆயிரம் என்றுதான் அது திறந்தது. பக்கத்தில் சீனியம்மாள் இருமினார்.

"நூத்தி எண்பத்தேழு" என்றார் வீரபாண்டி.