முன்னூறு குடும்பத்துக்கு ஒற்றை ஷூ

பெருவெள்ளத்தின்போது ஒற்றைக் கால் ஷூவிலிருந்து முன்னூறு குடும்பத்துக்குக் குடிதண்ணீர் எடுத்துக் கொடுத்தவன் இந்த எட்மண்ட் என்று அவரே தம் வாயால் சொல்லாத இடம் முடிச்சூர் சாலையில் பாக்கியில்லை. பால் பூத்தில் சொன்னார், சர்ச் வாசலில் சொன்னார், பல் பிடுங்கப் போன இடத்தில் வாயில் பஞ்சோடு சொன்னார். சொல்லச் சொல்லக் குடும்பங்கள் பெருகின. நாற்பதில் தொடங்கியவை போன ஈஸ்டருக்குள் முன்னூறைத் தொட்டுவிட்டன. பிள்ளைப்பேற்றில் அந்தத் தெருவை அடித்துக்கொள்ள மேற்குத் தாம்பரத்தில் வேறு தெருவே கிடையாது.

கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எதிர்த்து நின்றவர் ஒருவர்தான், மாடி வீட்டு சத்யநாராயணன். தணிக்கை அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் பிறர் எழுதியதைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவர். கதையில் ஷூ வந்ததும், "சுத்தப் பொய்!" என்று கத்துவார். எட்மண்ட் அதற்கும் சிரிப்பார்.

வாயால் விட்ட கதை காற்றோடு போகும். எட்மண்ட் அதை விண்ணப்பத்தில் எழுதிவிட்டார். வினை அங்கேதான் பிடித்தது.

குடிநீர் வாரியத்தில் முப்பது வருடம் அடிபம்பு மெக்கானிக்காக இருந்தவர் அவர். வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் ஒரு தொண்டு நிறுவனம், சாம்பியாவில் ஒரு வருடம் தங்கி அடிபம்பு பழுதுபார்க்கச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடியது. நம் தெருமுனை பம்பும் அந்த ஊர் பம்பும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். விளம்பரத்தில் படத்தைப் பார்த்ததுமே எட்மண்டுக்குக் கை பரபரத்தது. அறுபத்தைந்து தாண்டியவரை எடுக்க மாட்டார்கள். அவருக்கு வருகிற செப்டம்பரில் அறுபத்தைந்து. இந்த வண்டியை விட்டால் அடுத்த வண்டி இல்லை.

"அங்க உங்களுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா யாருங்க பாத்துப்பாங்க?" என்றார் மனைவி ஜெயசீலி.

"கொசு கடிச்சாப் போதும், ஏரோப்ளேன் வந்து நிக்கும்!"

"சுத்தப் பொய்," என்று சத்யநாராயணன் நிறுவனத்தின் கையேட்டை வாங்கி வரி வரியாகப் படித்தார். தடுப்பூசி, டிக்கெட், காப்பீடு, தங்க வீடு, கொசுவலை, மாதச் செலவுக்குப் பணம், போனதும் இரண்டு வாரம் மொழி வகுப்பு, கூடவே வேலை செய்ய ஓர் உள்ளூர்க்காரர், எந்நேரமும் எடுக்கிற தொலைபேசி, தனிமை தாங்காவிட்டால் மனம்விட்டுப் பேச ஓர் ஆலோசகர் என்று எல்லாம் இருந்தது. நோய் முற்றினால் விமானத்தில் அழைத்து வருவோம் என்ற வரியை மட்டும் மூன்று தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "கொசுவுக்கு வராது. ஆனா வரும்."

மருத்துவச் சோதனை முடிந்தது, நேர்காணல் முடிந்தது. அப்புறம் நிறுவனத்திலிருந்து ஸ்நேகா என்ற பெண் அழைத்தாள்.

"சார், எல்லாம் ஓகே. கருவி இல்லாத இடத்துல எப்படிச் சமாளிச்சீங்கங்கிற கேள்விக்கு ஷூ கதை எழுதியிருக்கீங்க. கமிட்டில சிரிச்சுட்டாங்க. நேர்ல பார்த்த ஒருத்தர், சொந்தக்காரரா இல்லாம, எங்ககிட்ட பேசணும்."

"ஒரு கதைக்கு இவ்வளவாம்மா?"

"சார், அங்க உங்க வார்த்தைய நம்பித்தான் எல்லா உதவியும் வரும். காய்ச்சல் நூத்தி ரெண்டுன்னா நூத்தி ரெண்டுன்னு சொல்லணும். நீங்க நூத்தி இருபதுன்னா நாங்க ப்ளேன் அனுப்பிடுவோம். சாட்சி இல்லன்னா கமிட்டி வேற ஆளைப் பாக்கும்."

எட்மண்ட் போனை வைத்துவிட்டு மாடியை அண்ணாந்து பார்த்தார். ஏனென்றால் சாட்சி ஒருவர்தான், அது சத்யநாராயணன். ஷூவும் அவருடையதுதான்.

வெள்ளத்தில் தெருவே ஏரியாகக் கிடக்க, கோயில் மேட்டில் இருந்த ஒரே அடிபம்பும் மூச்சை விட்டது. உள்ளே தண்ணீரை மேலே இழுக்கிற தோல் வாஷர் கிழிந்திருந்தது. கடை ஏது, கண்ணி ஏது? மாடிப்படியில் உட்கார்ந்து, பம்மல் பட்டறையில் அளவு கொடுத்துத் தைத்த சத்யநாராயணனின் புது ஷூவை எட்மண்ட் அறுத்தார். தோலை வெந்நீரில் ஊறவைத்து, டம்ளரின் அடியில் அழுத்திக் கிண்ணம் போலாக்கி, எண்ணெய் தடவி மாட்டினார். மூன்று நாள் பம்பு குதித்து ஓடியது. பம்பின் பைப்பைக் கழற்றித் தூக்கிக்கொடுத்தவர்கள் தெருப் பையன்கள். அறுத்ததைப் பார்த்தவர் ஷூக்காரர் மட்டும்தான். அவர் அன்றே கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார், தன் பெயரை மட்டும் வெளியே விடக் கூடாது என்று. ஊர் வாயை அடைத்தாலும் அடைக்கலாம், எட்மண்ட் வாயை அடைக்க முடியாது என்பார்கள். அந்தப் பெயரை அவர் இன்றுவரை எவரிடமும் சொன்னதில்லை.

மாடியேறிப் போய் விஷயத்தைச் சொன்னார். சத்யநாராயணன் மனைவி இருந்த சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"காமு மூணு நாள் அந்தத் தண்ணியக் குடிச்சா எட்மண்ட். பூஜையில சாளக்கிராமத்துக்கு அந்தத் தண்ணியிலதான் அபிஷேகம் பண்ணா. தெரிஞ்சா என் கதி என்ன ஆறது?"

"எல்லா பம்புலயும் அப்போ தோல்தான் சார் இருந்துச்சு."

"அது யார் தோலோ! இது என் கால்ல கெடந்தது."

"சரி, விடுங்க சார். நீங்க பொய் சொல்ல வேணாம், நிஜமும் சொல்ல வேணாம். நல்லவன்னு மட்டும் சொல்லிடுங்க."

மறுநாள் காலை பத்து மணிக்கு மாடி வீட்டில் வீடியோ அழைப்பு; எட்மண்டும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காமு மாமி காபியோடு வந்தவர் போகாமல் சோபாவிலேயே உட்கார்ந்துவிட்டார். திரையில் ஸ்நேகா வணக்கம் சொல்லி, எத்தனை வருடப் பழக்கம், குணம் எப்படி என்று கேட்டாள். சத்யநாராயணன் தணிக்கைக் குறிப்பு மாதிரி அளந்து பதில் சொன்னார்.

"அந்த ஷூ விஷயம் சார்?"

"அந்தப் புளுகா?" என்று மாமி சிரித்தார். "நூறு தடவை கேட்டாச்சும்மா. ஏன்னா, இல்லேன்னு சொல்லுங்கோ."

சத்யநாராயணனின் நெற்றியில் மின்விசிறிக்குக் கீழேயும் வேர்த்தது. எட்மண்டுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. சாம்பியா போனால் போகட்டும், மாடி வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். சோபாவிலிருந்து முன்னால் நகர்ந்தார்.

"மேடம், அதை அடிச்சுடுங்க. நான்தான் சும்மா ஒரு இதுக்கு..."

"நீ குறுக்கே பேசாதே எட்மண்ட்!" என்றார் சத்யநாராயணன். மனைவியைப் பார்க்காமல் திரையை மட்டும் பார்த்தார். "எழுதிக்கோங்கோ மேடம். முன்னூறு குடும்பம்கிறது பொய். நாப்பத்தொண்ணு, வரிசைய நானே எண்ணினேன். மத்ததெல்லாம் நடந்தது. ஷூ என்னோடது. இடது கால்."